வேலை பார்த்துக்கொண்டே ஆக்சுவரி தேர்வு: ஒரு பருவத்தில் எத்தனை பேப்பர் எழுதலாம்?

ஆக்சுவரி (காப்பீடு, பென்ஷன் போன்றவற்றின் இடர்களைக் கணக்கிட்டு மதிப்பிடுபவர்) ஆவதற்கான தேர்வுக்குப் பதிவு செய்யும் நாள் நெருங்கினால் அலுவலகத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "இந்தத் தடவை எத்தனை பேப்பர்?" பக்கத்து சீட்டுக்காரர் மூன்று என்று சொன்னதும் நாம் எடுத்த ஒன்று போதாதோ என்று தோன்றும். அவருக்கு எத்தனை நாள் ஸ்டடி லீவ், கல்லூரியில் புள்ளியியல் படித்தவரா, அவருடைய குழுவுக்கு எந்த மாதத்தில் வேலை குவியும் என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வாங்கிக்கொள்வதில் பயனில்லை. எண்ணை முதலில் முடிவுசெய்துவிட்டு நேரத்தை அப்புறம் தேடுவதில்தான் பெரும்பாலான தோல்விகள் தொடங்குகின்றன. நேரத்தை முதலில் எண்ணுங்கள். எத்தனை பேப்பர் என்பது அந்தக் கணக்கின் கடைசி வரியில் தானாக வந்து நிற்கும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் பிரிட்டனின் இன்ஸ்டிட்யூட் அண்ட் ஃபாக்கல்டி ஆஃப் ஆக்சுவரீஸ் 2019-ல் கொண்டுவந்த பாடத்திட்ட அமைப்பை வைத்துத்தான். இந்திய ஆக்சுவரி அமைப்பின் பேப்பர்களும் அதே குறியீடுகளைக் கொண்டவை. அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் தேர்வு எழுதுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் இருக்கிறது.

முன்னால் உள்ள மலையை அளந்துகொள்ளுங்கள்

எந்தப் பேப்பரிலிருந்தும் விலக்கு பெறாதவருக்கு மொத்தம் 13 பேப்பர். கணிதம் சார்ந்தவை நான்கு: புள்ளியியல் பக்கம் சிஎஸ்1, சிஎஸ்2, ஆக்சுவரி கணிதப் பக்கம் சிஎம்1, சிஎம்2. வணிகம் சார்ந்தவை மூன்று: பிசினஸ் ஃபைனான்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், பிசினஸ் மேனேஜ்மென்ட். நடைமுறை சார்ந்தவை மூன்று: ஆக்சுவரியல் பிராக்டிஸ், மாடலிங் பிராக்டிஸ், கம்யூனிகேஷன்ஸ் பிராக்டிஸ். அதற்கு மேல் துறைவாரிச் சிறப்புப் பாடங்களான எஸ்பி வரிசையில் இரண்டு, அதற்கும் மேல்நிலையான எஸ்ஏ வரிசையில் ஒன்று. (வணிக வரிசை, நடைமுறை வரிசை இரண்டின் சுருக்கெழுத்தும் தமிழில் 'சிபி' என்றே வரும். குழப்பம் வேண்டாம் என்பதால் அவற்றைப் பெயரால் சொல்கிறோம்.)

தேர்வு ஆண்டுக்கு இரண்டு பருவம், ஏப்ரலிலும் செப்டம்பரிலும். பருவத்துக்கு ஒன்று எழுதி ஒன்றிலும் தவறாமல் போனால் ஆறரை ஆண்டு. இரண்டிரண்டாக எழுதி ஒன்றிலும் தவறாவிட்டால் மூன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். இந்த இரண்டாவது எண்தான் பலரையும் இழுக்கிறது. 'தவறாமல்' என்ற சொல் அதற்குள் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கணித வரிசையின் நான்கிலும் ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு தேர்வு. ஏ பகுதி எழுத்துத் தேர்வு, சுமார் 3 மணி 20 நிமிடம். பி பகுதி கணினியில் செய்வது, சுமார் 1 மணி 50 நிமிடம். சிஎஸ் பேப்பர்களுக்கு ஆர் என்ற நிரல்மொழி, சிஎம் பேப்பர்களுக்கு எக்செல். மதிப்பெண் 70-க்கு 30 என்ற விகிதத்தில் சேரும். சிஎஸ்1-ஐயும் சிஎம்1-ஐயும் சேர்த்து எடுப்பவர் இரண்டு தேர்வு எழுதப் போவதாக நினைத்துக்கொள்கிறார். அவர் எழுதப்போவது நான்கு.

படி 1: கையில் உள்ள மணியை எண்ணுங்கள்

இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். மனதில் போடும் கணக்கு எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும். இரவு 9:30-க்கு உட்காருவேன், 11 வரை படிப்பேன், ஆக ஒன்றரை மணி என்று எழுதுவீர்கள். நடப்பது வேறு. 9:40-க்கு மேசைக்கு வருகிறீர்கள், நேற்று எங்கே விட்டோம் என்று பிடிக்கப் பத்து நிமிடம், அலுவலகத்திலிருந்து ஒரு மெசேஜ், அதற்குப் பதில், பிறகு ஒரே சூத்திரத்தை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறாத கடைசி இருபது நிமிடம். மிஞ்சுவது ஐம்பது நிமிடத்துக்குள். அந்த ஐம்பதைத்தான் தாளில் எழுத வேண்டும்.

அதோடு மணிக்கு மணி தரமும் வேறு. காலை 5:30-க்கு எடுத்த ஒரு மணியில் ஒரு புதிய பாடம் நகரும். இரவு 10-க்கு எடுத்த ஒரு மணியில் ஏற்கெனவே தெரிந்த கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். காலை நேரம் கிடைக்காதவர் தன் வார மணியில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு வேலைநாளில் நான்கு நாள் தலா 2 மணி, சனி ஞாயிறு தலா 4 மணி, ஆக வாரத்துக்கு நிகர 16 மணி கிடைக்கிறது. ஆயுள் காப்பீட்டு நிறுவனம். கணக்கு ஆண்டு டிசம்பரில் முடிகிறது.

ஏப்ரல் தேர்வுக்கு அவர் டிசம்பர் நடுவில் தொடங்குகிறார். 17 வாரம், 272 மணி. ஜனவரி பிப்ரவரியில் ஆண்டு இறுதி வேல்யுவேஷன் (நிறுவனத்தின் பொறுப்புகளை மதிப்பிடும் வேலை). ஆறு வாரத்துக்குப் பாதி நேரம்தான் கிடைக்கும், 48 மணி போச்சு. காய்ச்சல், கல்யாணம், ஏதோ ஒன்றுக்கு ஒரு வாரம், 16 மணி. மீதி 208. ஸ்டடி லீவ் 5 நாள், நாளுக்கு 6 மணி என்று வைத்தால் 30 கூடும். மொத்தம் 238.

அதே ஆள் செப்டம்பர் தேர்வுக்கு ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் 20 வாரம், 320 மணி. அரையாண்டுக் கணக்குக்காக ஜூலையில் மூன்று வாரம் பாதியாகும், 24 போகும். எதிர்பாராத ஒரு வாரம், 16. மீதி 280. இரண்டு பேப்பருக்கு 10 நாள் ஸ்டடி லீவ் கிடைத்தால் 60 கூடி 340.

ஒரே மனிதர், ஒரே ஒழுக்கம், ஆனால் இரண்டு பருவத்துக்கும் நடுவே 100 மணி வித்தியாசம். இதைக் கவனிக்காமல் 'நான் எப்போதும் இரண்டு எழுதுவேன்' என்று கொள்கை வைத்துக்கொள்பவர்கள் ஏப்ரலில் அடி வாங்குவார்கள். உங்கள் நிறுவனத்தின் கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிந்தால் குவியல் மாதங்கள் இடம்மாறும். பென்ஷன் ஆலோசனை, பொதுக் காப்பீட்டு ரிசர்விங் (இழப்பீடுகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கணக்கு), மறுகாப்பீட்டுப் புதுப்பித்தல், ஒவ்வொன்றுக்கும் தனிக் காலண்டர் உண்டு. சென்ற ஆண்டு எந்தெந்த வாரம் இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகத்தில் இருந்தீர்கள் என்று பழைய மின்னஞ்சலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

படி 2: ஒவ்வொரு பேப்பரும் எவ்வளவு கேட்கும்

திட்டமிட உதவும் எண்கள் இவை. அடித்தளம் சுமாராக இருப்பவரை மனதில் வைத்துச் சொல்கிறோம். சிஎஸ்2, சிஎம்1, சிஎம்2 ஒவ்வொன்றுக்கும் 220 முதல் 250 மணி. சிஎஸ்1-க்கு, கல்லூரியில் புள்ளியியல் படித்தவருக்கு 150 போதும், படிக்காதவருக்கு 220. பிசினஸ் ஃபைனான்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 110 முதல் 130. ஆக்சுவரியல் பிராக்டிஸ் 300-ஐத் தொடும். எஸ்பி ஒன்றுக்கு 200 முதல் 250. எஸ்ஏ-வுக்கும் அதே அளவு. ஆனால் அங்கே மணியைவிட வேலை அனுபவம்தான் பேசும்.

முன்பு தவறிய பேப்பரை மறுபடி எழுதுவதாக இருந்தால் பாதி மணி போதும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: இடையில் ஒரு பருவத்தை விட்டிருக்கக் கூடாது. ஓராண்டு இடைவெளி விழுந்துவிட்டால் முக்கால் பங்கு மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

மாதிரி ஆளுக்கு இப்போது பதில் வந்துவிட்டது. ஏப்ரலில் 238 மணி, ஒரு கனமான பேப்பர், முடிந்தது. செப்டம்பரில் 340 மணி, ஒரு கனமானதும் ஒரு இலேசானதும்: 220-ம் 110-ம் சேர்ந்து 330. பத்து மணிதான் உபரி, ஆனாலும் நிற்கும். எந்தப் பருவத்திலும் இரண்டு கனமான பேப்பர் அவருக்குப் பொருந்தாது. இரண்டு பேப்பருக்கான தேவை, கையில் உள்ள மணியைத் தாண்டினால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

படி 3: கடைசி ஆறு வாரத்தைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்

மொத்த மணி போதுமானதாக இருந்தும் இரண்டிலும் தவறுபவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் இந்த ஆறு வாரத்தில்தான் இருக்கும்.

பழைய வினாத்தாளை நேரம் வைத்து முழுதாக எழுதாமல் கணித பேப்பரில் தேறுவது கடினம். ஏ பகுதி ஒன்றை எழுத 3 மணி 20 நிமிடம். அதைத் திருத்தி, தவறிய இடத்தைப் பாடத்தில் போய்ப் பார்க்க இரண்டு மணி. ஆக ஒரு வினாத்தாளுக்கு 5 மணி 20 நிமிடம். குறைந்தது ஏழு வினாத்தாள், 37 மணி. பி பகுதி ஒன்றுக்கு எழுதவும் திருத்தவும் 3 மணி. நான்கு செய்தால் 12. ஒரு கனமான பேப்பருக்கு 49 மணி.

இரண்டு கனமான பேப்பருக்கு 98. வாரத்துக்கு 16 என்றால் ஆறு வாரத்தில் இருப்பது 96. பழைய வினாத்தாள் மட்டுமே மொத்த நேரத்தையும் தின்றுவிடுகிறது. சூத்திரம் மனப்பாடம் செய்யவும், விட்டுப்போன பாடத்தை முடிக்கவும் ஸ்டடி லீவை நம்பித்தான் இருக்க வேண்டும். அந்த லீவும் வேலை அவசரத்தில் இரண்டு நாள் ரத்தானால் எல்லாம் சரியும். ஒரு கனமானது, ஒரு இலேசானது என்றால் 49-உடன் 25 சேர்ந்து 74. மூச்சு விட 22 மணி மிஞ்சும்.

இரண்டு பேப்பர் எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை இதுதான்: இரண்டு பாடப் புத்தகத்தையும் கடைசி மூன்று வாரம் வரை வாசித்துக்கொண்டே இருப்பார்கள். வாசிக்கும்போது புரிந்தது போலவே இருக்கும். முதல் வினாத்தாளை எடுக்கும்போதுதான் கை ஓடாது என்பது தெரியும். அப்போது நாள் இருக்காது. ஆறு வாரத்துக்கு முன்பு வாசிப்பு முடிந்திருக்க வேண்டும். அது முடியாத திட்டம் என்று இப்போதே தெரிந்தால் ஒரு பேப்பரை இப்போதே விட்டுவிடுங்கள்.

படி 4: எத்தனை எழுதுகிறோம் அல்ல, எத்தனை தேறுகிறோம்

எதிர்பார்ப்பு மதிப்பு (எண்ணிக்கையை வாய்ப்பால் பெருக்கி வரும் சராசரி) தெரிந்தவர்கள் நாம். அதை நம் தேர்வுக்கே போட்டுப் பார்க்க வேண்டும். கீழே வரும் நிகழ்தகவுகள் கணக்குக்காக வைத்த ஊகங்கள். உங்களுடையதை வைத்து மாற்றிப் போடுங்கள்.

பருவத்துக்கு ஒன்று மட்டும் எழுதினால் தேறும் வாய்ப்பு 75 சதவீதம் என்போம். ஆண்டுக்கு 1.5 பேப்பர் தேறும். 13 பேப்பருக்கு சுமார் 8.7 ஆண்டு. பருவத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 45 என்றால் ஆண்டுக்கு 1.8, சுமார் 7.2 ஆண்டு. பருவத்துக்கு மூன்று, வாய்ப்பு 25 என்றால் ஆண்டுக்கு மறுபடியும் அதே 1.5. ஆறு தேர்வுக் கட்டணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போய், ஒன்றொன்றாக எழுதியவர் நிற்கும் இடத்திலேயே நிற்கிறோம்.

இன்னொரு வழியையும் போட்டுப் பாருங்கள். வேலை இலேசான பருவத்தில் ஒரு கனம், ஒரு இலேசு, வாய்ப்பு தலா 60. வேலை குவியும் பருவத்தில் ஒன்று மட்டும், வாய்ப்பு 75. ஆண்டுக்கு 1.2-ம் 0.75-ம் சேர்ந்து 1.95. சுமார் 6.7 ஆண்டு. இந்த நான்கில் மிகக் குறுகிய பாதை இதுதான், தேர்வு எண்ணிக்கையோ ஆண்டுக்கு மூன்றுதான். வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு-ஒன்று முறையைத்தான் பரிந்துரைப்போம்.

நாம் எல்லாரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. இரண்டு பேப்பரின் முடிவும் ஒன்றுக்கொன்று சாராதவை அல்ல. தலா 60 சதவீதம் என்றால் இரண்டிலும் தவறும் வாய்ப்பு 16 சதவீதம் என்பது சாராதவை என்ற அனுமானத்தில் வருவது. மார்ச்சில் திடீரென்று ஒரு ஆடிட் வந்தால் அது இரண்டு பேப்பரின் நேரத்தையும் சேர்த்தே தின்னும். அதனால் இரண்டும் போகும் வாய்ப்பு 16-ஐவிடக் கூடுதல். ஒரே பருவத்தில் இரண்டு தோல்வி என்பது மதிப்பெண் பட்டியலோடு நிற்காது. அடுத்த பருவத்தில் புதிதாக எதையும் எடுக்க முடியாமல் பழையதிலேயே மாட்டிக்கொள்வோம்.

படி 5: எதோடு எதைச் சேர்ப்பது

நல்ல ஜோடி என்பது இரண்டு விதத்தில் அமையும். பாடம் ஒன்றோடொன்று உரச வேண்டும்; அல்லது மூளையின் வேறு வேறு பக்கத்தைக் கேட்க வேண்டும்.

சிஎம்1-ம் பிசினஸ் ஃபைனான்ஸும் முதல் வகை. சிஎம்1-ல் வரும் தள்ளுபடி மதிப்பு, திட்ட மதிப்பீடு எல்லாம் பிசினஸ் ஃபைனான்ஸில் மூலதனச் செலவோடு சேர்ந்து மறுபடி வரும். ஒன்று எண்ணால் கேட்கும், மற்றொன்று காரணத்தைக் கேட்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இரட்டை இல்லை. சிஎஸ்1-ம் பிசினஸ் எகனாமிக்ஸும் இரண்டாம் வகை. பாடத் தொடர்பு குறைவு, ஆனால் நிகழ்தகவுக் கணக்கில் களைத்தவர் பணவீக்கத்தைப் படிக்கும்போது தலை ஓய்வெடுக்கும்.

சிஎஸ்1-ம் சிஎம்1-ம் சேர்த்து எடுப்பது கல்லூரி முடித்த கையோடு சரிவரும். புள்ளியியல் ஏற்கெனவே கையில் இருக்கும். சிஎஸ்2-ஐ சிஎம்1-க்குப் பிறகோ அதோடு சேர்த்தோ படித்தால் ஆயுள் அட்டவணை, பல நிலை மாதிரிகள் இரண்டிலும் உதவும். ஆனால் சிஎஸ்2 அதோடு நிற்பதில்லை. காலத் தொடர், காப்புலா, இயந்திரக் கற்றல் என்று விரிந்துகொண்டே போகும். வேலையோடு இந்த இரண்டையும் ஒன்றாக எடுக்க வாரத்துக்கு 22 மணியாவது வேண்டும்.

தவிர்க்க வேண்டிய ஜோடி சிஎஸ்2-ம் சிஎம்2-ம். இரண்டும் கனம், இரண்டும் சீரற்ற செயல்முறைகள், இரண்டிலும் குறியீடுகள் மோதும். மியூ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்1-ல் அது சராசரி. சிஎம்1-லும் சிஎஸ்2-லும் இறப்பு விசை. சிஎம்2-ல் பிரௌனியன் இயக்கத்தின் டிரிஃப்ட். லாம்டாவும் அப்படியே, பாடத்துக்குப் பாடம் வேஷம் மாறும். மாலை சிஎஸ்2 படித்துவிட்டு மறுநாள் காலை சிஎம்2-ஐத் திறந்தால் முதல் பதினைந்து நிமிடம் இந்தக் குறியீட்டு மாற்றத்துக்கே போகும். இரண்டு பேப்பர் படிப்பவர் இதனால்தான் நாள்விட்டு நாள் மாற்றாமல் வாரம்விட்டு வாரம் மாற்றிப் படிக்க வேண்டும். அந்த வாரத்தின் முக்கியப் பாடம் ஒன்று; மற்றதற்கு மறக்காமலிருக்க ஒரு மாலை.

ஆக்சுவரியல் பிராக்டிஸை முதல் தடவை தனியாக எழுதுங்கள். இரண்டு தாள், அகலமான பாடம். அங்கே கணக்கு கைகொடுக்காது. ஒரு சூழலைக் கொடுத்து இருபது கருத்து கேட்டால் இருபதையும் குறுகிய நேரத்தில் எழுத வேண்டும். கணித பேப்பர்களை ஒரே மூச்சில் தேறியவர்கள் இங்கே முதல் தடவை தடுக்கி விழுவது சகஜம். துணைக்கு ஏதாவது வேண்டும் என்றால் கம்யூனிகேஷன்ஸ் பிராக்டிஸ் போதும்; வாசிக்கப் பாடம் குறைவு, எழுதிப் பழகுவதுதான் அதிகம்.

எஸ்பி வரிசையில் எஸ்பி7-ம் எஸ்பி8-ம் பொதுக் காப்பீட்டில் இருப்பவருக்கு இயல்பான ஜோடி. ஒன்று ரிசர்விங்கும் மூலதன மாதிரியும், மற்றொன்று விலை நிர்ணயம். காப்பீட்டுப் பொருட்கள், மறுகாப்பீடு, தரவு என்று கணிசமான அடிப்படைப் பகுதி இரண்டிலும் பொது. 440 மணிக்குப் பதில் 350 போதும். எஸ்ஏ எப்போதும் தனியாக.

அமெரிக்கத் தேர்வு எழுதுபவர்களுக்கு

பி (நிகழ்தகவு), எஃப்எம் (நிதிக் கணிதம்) என்ற முதல் இரண்டும் ஆண்டில் பல தடவை கணினி மையத்தில் நடப்பவை. பி-யில் 3 மணி நேரத்துக்கு 30 கேள்வி. எஃப்எம்-ல் இரண்டரை மணி நேரத்துக்கு 30 கேள்வி. தேர்வு அடிக்கடி வருவதால் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டிய காரணமே இல்லை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுங்கள். தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் 100 மணி படிப்பு என்று அங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. பி-க்கு 300, எஃப்எம்-க்கு 250. வாரத்துக்கு 16 மணி உள்ளவருக்கு முதலாவது 19 வாரம், இரண்டாவது 16 வாரம். சேர்த்துப் படித்தாலும் மொத்தம் அதே 35 வாரம்தான். ஆனால் தனித்தனியாக எழுதினால் 19-ஆம் வாரத்திலேயே ஒன்று கையில் இருக்கும். மதிப்பெண் 0 முதல் 10 வரை, 6 எடுத்தால் தேர்ச்சி. 5 வாங்கியவர் சூடு ஆறுவதற்குள் அடுத்த வாய்ப்பிலேயே எழுத வேண்டும், புதியதற்குத் தாவக் கூடாது.

படி 6: பதிவு செய்வதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்

ஸ்டடி லீவ் பேப்பருக்கு எத்தனை நாள், மறுபடி எழுதினாலும் அதே நாட்கள் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பல இடத்தில் முதல் தடவைக்கு முழு லீவ், இரண்டாவதுக்குப் பாதி, மூன்றாவதுக்கு எதுவுமில்லை. கட்டணத்தை நிறுவனம் எத்தனை தடவை கட்டும்? லீவை அரை நாளாகப் பிரித்து எடுக்கலாமா? பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டால் அதைத் தோல்வியாகக் கணக்கு வைப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியின் பதில்தான் அடுத்த படியைத் தீர்மானிக்கும். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

தேர்வு அட்டவணையையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு பேப்பரும் அடுத்தடுத்த நாளில் விழுந்தால் நடுவில் மீள்பார்வைக்கு இடமிருக்காது; ஒரு வாரம் இடைவெளி இருந்தால் அந்த வாரமே 30 மணிக்குச் சமம்.

புது வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தாலும் அப்படியே. மணி குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த மணி கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாமல் போவதுதான் பெரிய சிக்கல்.

படி 7: கைவிடும் நாளை இன்றே குறித்து வையுங்கள்

இரண்டு எடுத்தவர் மூன்று தேதிகளைக் காலண்டரில் எழுத வேண்டும்.

தேர்வுக்கு 10 வாரம் முன்பு: இரண்டு பாடத்திலும் வாசிப்பு 60 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். ஒன்றில் 60-ம் மற்றதில் 30-ம் என்றால் இப்போதே யோசியுங்கள்.

6 வாரம் முன்பு: நேரம் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வினாத்தாள். 40-க்குக் கீழே வந்தது ஆபத்தில் இருக்கிறது.

3 வாரம் முன்பு: 55 வர வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் பருவத்துக்குப் பருவம் மாறும். 60-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே என்று வைத்துக்கொண்டால் 55-லிருந்து அங்கே ஏற மூன்று வாரம் போதும். 40-லிருந்து போதாது.

எதை விடுவது? ஒன்றில் 54, மற்றொன்றில் 38 என்றால் 38-ஐ விட்டுவிட்டு எல்லா மணியையும் 54-க்குக் கொடுங்கள். மனம் இதற்கு நேர்மாறாகச் சொல்லும். பலவீனமானதைத் தூக்கி நிறுத்தத் தோன்றும். அப்படிச் செய்தால் 54 அப்படியே நிற்கும், 38 ஏறி 48 ஆகும், இரண்டும் போகும். இரண்டுமே 46, 47 என்று சமமாக நின்றால் எது அடுத்த பேப்பருக்கு அடிப்படையோ அதை வைத்துக்கொள்ளுங்கள்: சிஎஸ்1-ஐயும் பிசினஸ் எகனாமிக்ஸையும் எடுத்தவர் சிஎஸ்1-ஐ வைத்துக்கொள்வது சரி.

கட்டிய கட்டணம் போனது போனதுதான். அதை நினைத்து முடிவு எடுக்காதீர்கள். 'அனுபவத்துக்காகப் போய் எழுதிவிட்டு வருகிறேன்' என்பது, விட்ட பேப்பர் முக்கியப் பேப்பருக்குப் பிறகு வந்தால் மட்டும் சரி. முன்னால் வந்தால் போகவே வேண்டாம். அலுவலகம் தோல்வியைக் கணக்கு வைக்கும் என்றால் பின்னால் வந்தாலும் வேண்டாம்.

முடிவு வராத மாதங்கள்

ஏப்ரல் தேர்வின் முடிவு ஜூலையில் வரும், செப்டம்பர் தேர்வின் முடிவு டிசம்பரில். முடிவு தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர் செப்டம்பர் தேர்வுக்குக் கையிலிருந்த 20 வாரத்தில் பாதியை இழந்துவிடுவார். இரண்டு-ஒன்று முறையில் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் இரட்டை எடுக்கும் பருவத்தின் நேரம்தான் வீணாகிறது.

காத்திருக்கும் மாதங்களில், ஏப்ரலில் எழுதியது தேறினாலும் தவறினாலும் எப்படியும் எழுத வேண்டிய பேப்பரைத் தொடங்குங்கள். சிஎம்1 எழுதிவிட்டுக் காத்திருப்பவர் சிஎம்2-ஐத் தொட வேண்டாம். பிசினஸ் ஃபைனான்ஸைத் தொடலாம். முடிவு வந்ததும் கணக்கு எளிது. தேறியிருந்தால் பிசினஸ் ஃபைனான்ஸோடு அடுத்த கனமானதைச் சேர்க்க நேரம் போதுமா என்று மீதி மணியை எண்ணுங்கள். பத்து வாரமே மிச்சம் என்றால் பெரும்பாலும் போதாது, சேர்க்காதீர்கள். ஐந்து மதிப்பெண்ணுக்குள் தவறியிருந்தால் சிஎம்1-ஐ மறுபடி எடுங்கள், 110 மணி, பாதி படித்து வைத்த பிசினஸ் ஃபைனான்ஸும் கூடவே வரட்டும். பதினைந்துக்கு மேல் தவறியிருந்தால் பிசினஸ் ஃபைனான்ஸை மட்டும் இந்தப் பருவத்தில் எழுதி முடியுங்கள். சிஎம்1-க்கு அடுத்த பருவத்தைத் தனியாக ஒதுக்குங்கள். இடைப்பட்ட வாரங்களில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அதன் கணக்குகளைப் போட்டுவந்தால் முக்கால் பங்கு மறுபடி படிக்கும் நிலை வராது.